3டி டிக் போட்டும் விர்ச்சுவல் மெஷின்ல கஸீபோ நகர மாட்டேங்குதா? லேப்டாப் மாத்தறதுக்கு முன்னாடி இத படிங்க

கேள்விய ரெண்டு தடவ படிச்சேன் தம்பி. விண்டோஸ் 11 லேப்டாப், 16 ஜிபி ரேம், இன்டெல் ப்ராசஸர், கூடவே 4 ஜிபி என்விடியா கார்டு. விர்ச்சுவல்பாக்ஸ் 7ல (விண்டோஸுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர நடிச்சுக் காட்டற சாஃப்ட்வேர், அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் விர்ச்சுவல் மெஷின்னு பேர்) உபுண்டு 22.04 போட்டு அதுக்குள்ள ரோபோ ப்ரோக்ராம் எழுதற ஆர்ஓஎஸ் 2 ஹம்பிளும், ரோபோவ திரையில ஓட்டிப் பாக்கற கஸீபோ சிமுலேட்டரும் ஓட்டறீங்க. 3டி ஆக்சலரேஷன் டிக் போட்டாச்சு, ஆனா ரோபோ நொடிக்கு ரெண்டு மூணு ஃப்ரேம்தான் நகருது. உபுண்டுக்குள்ள என்விடியா டிரைவர் போட்டுப் பாத்தீங்க, வேலைக்கு ஆகல. ப்ராஜெக்ட் ரிவ்யூ வருது, 8 ஜிபி கார்டு வச்ச லேப்டாப்பா மாத்திடலாமான்னு கேக்கறீங்க. மேலோட்டமா பாத்தா செட்டிங் பத்தின கேள்விதான், ஆனா நீங்க உண்மையில கேக்கறது வீட்ல காசு கேக்கணுமா வேணாமாங்கறது. அதுக்கு மட்டும் பதில முதல்ல சொல்லிடறேன், வேணாம். 8 ஜிபி இல்ல, 24 ஜிபி கார்டு வாங்கினாலும் நீங்க சொல்ற இந்தப் பிரச்சன அப்படியேதான் இருக்கும்.

நான் ஒன்பது வருஷமா காலேஜ் லேப் மெஷின்கள பாத்துக்கற ஆளு, கிராஃபிக்ஸ் ப்ரோக்ராமர் கிடையாது, அத மனசுல வச்சுக்கிட்டே படிங்க. போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கறதால கமாண்ட் பேரெல்லாம் தமிழ்லயே வரும், வாய்விட்டு படிச்சா உங்களுக்குப் புரியும்.

முதல்ல அந்த என்விடியா டிரைவர் கதைய முடிச்சிடுவோம். உபுண்டு டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ அடிச்சு விஜிஏன்னு இருக்கற வரிய பாருங்க. என்விடியான்னு ஒரு எழுத்து கூட இருக்காது, "விஎம்வேர் எஸ்விஜிஏ 2 அடாப்டர்"னு இருக்கும். நீங்க போட்டது விர்ச்சுவல்பாக்ஸ், அதுல ஏன் விஎம்வேர்ங்கற வேற கம்பெனி சாஃப்ட்வேர் பேர் வருதுன்னு குழம்பாதீங்க, விர்ச்சுவல்பாக்ஸ் தன்னோட விஎம்எஸ்விஜிஏங்கற கன்ட்ரோலர்ல விஎம்வேர் கார்ட அப்படியே நடிச்சுக் காட்டுது, 6.0ல இருந்து லினக்ஸுக்கு அதுதான் டிஃபால்ட். ஆக உபுண்டு கண்ணுக்கு உங்க லேப்டாப்ல இருக்கறது ஒரு டம்மி கார்டுதான், உங்க என்விடியா கார்டு பக்கத்து வீட்ல இருக்கற மாதிரி. இல்லாத கார்டுக்கு டிரைவர் போட்டா என்விடியா எஸ்எம்ஐ (கார்டு நிலவரம் காட்டற கமாண்ட்) "டிரைவரோட பேச முடியல"ன்னு சொல்லத்தானே செய்யும். அத மொத்தமா ஏபிடி பர்ஜ் போட்டுக் கழட்டிடுங்க, சும்மா கிடந்தா ஓபன்ஜிஎல் (3டி படம் வரையச் சொல்ற மொழி) லைப்ரரிய குழப்பி விடும். குடா (என்விடியா கார்டுல கணக்குப் போட வைக்கற வசதி) வேணும்னு யாராவது சொன்னா விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள அது கிடையாது, அங்கயே விட்டுடுங்க. கார்டயே நேரடியா உள்ள குடுக்கற பாஸ்த்ரூ வசதி முன்னாடி லினக்ஸ் ஹோஸ்ட்ல (ஹோஸ்ட்னா வெளிய இருக்கற நிஜ மெஷின்) மட்டும் அரைகுறையா இருந்துச்சு, 6.1ல அதையும் எடுத்துட்டாங்க.

சரி, டம்மி கார்டுன்னா அப்புறம் 3டி டிக் எதுக்கு? இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. கஸீபோ "இந்த முக்கோணத்த இந்த நிறத்துல வரை"ன்னு ஓபன்ஜிஎல்ல கேக்கும். உபுண்டுல இருக்கற மெசாங்கற லைப்ரரி அத அந்த டம்மி கார்டுக்குப் புரியற கட்டளையா மாத்தும், விர்ச்சுவல்பாக்ஸ் அத வெளிய வாங்கி விண்டோஸோட 3டி மொழியான டைரக்ட்எக்ஸ் 11ஆ திருப்பி மாத்தி நிஜ கார்டுகிட்ட குடுக்கும். நடுவுல ரெண்டு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க. டிக் போடறதுங்கறது அந்த ஏற்பாட்டுக்கு அனுமதி குடுக்கறது, அவ்வளவுதான். ரெண்டு துபாஷில ஒருத்தர் வரலன்னாலும் பெரும்பாலும் சத்தமே இல்லாம வேலை சிபியு தலையில விழுந்துடும், திரையில ஒரு எச்சரிக்கை கூட வராது. அதனால எந்த செட்டிங்கயும் தொடறதுக்கு முன்னாடி, இப்ப யார் வரையறாங்கன்னு கண்டுபிடிங்க. எட்டு ஃபோரம்ல சொன்ன எட்டு வைத்தியத்த ஒரே ராத்திரில போட்டுட்டு எது கேட்டுச்சுன்னே தெரியாம நின்னவங்கள நிறைய பாத்திருக்கேன், ஒரு காலத்துல நானும் அந்த கேஸ்தான்.

கண்டுபிடிக்கறது ரெண்டு நிமிஷ வேலை. மெசா யுடில்ஸ் பேக்கேஜ் போட்டுட்டு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்ட ஹைஃபன் பெரிய பி ஆப்ஷனோட ஓட்டுங்க. அதுல ரெண்டரர்னு ஒரு வரி இருக்கும். எஸ்விஜிஏ3டின்னு வந்தா துபாஷிங்க ரெண்டு பேரும் வேலைல இருக்காங்க. எல்எல்விஎம்பைப்னு வந்தா மொத்த படத்தையும் உங்க சிபியுதான் வரையுது, கார்டு ஏசி ரூம்ல தூங்குது. உங்களுக்கு எல்எல்விஎம்பைப்தான் வரும்னு நூத்துக்கு தொண்ணூறு நினைக்கறேன், ஏன்னா நீங்க சொன்ன அறிகுறி அப்படியே அது. கஸீபோ க்ராஷ் ஆகல, எரர் வரல, ஓடுது ஆனா நகரல.

அதே அவுட்புட்ல ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. ஓபன்ஜிஎல் வெர்ஷன் வரில 4.5னு பாத்துட்டு "ஆஹா, கஸீபோவுக்கு 3.3 போதுமே, எனக்கு 4.5 இருக்கே"ன்னு சந்தோஷப்படுவாங்க. அந்த 4.5 குடுக்கறதே எல்எல்விஎம்பைப்தான்! விர்ச்சுவல்பாக்ஸ் 7ல ஆக்சலரேஷன் ஒழுங்கா வேலை செஞ்சா 4.1னுதான் காட்டும். நம்பர் குறைஞ்சா நல்ல செய்தி, ஏறினா கெட்ட செய்தி, இந்த ஒரு இடத்துல மட்டும் இப்படி தலைகீழ். பழைய 6.1ல ஆக்சலரேஷனோட 2.1தான் வந்துச்சு, அதனால யாராவது பழைய வெர்ஷனுக்குப் போங்கன்னு சொன்னா போகாதீங்க, புது கஸீபோ படம் வரையப் பயன்படுத்தற ஓக்ரே2 எஞ்சினுக்கு 2.1 பத்தாது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்எல்விஎம்பைப் வரியோட கடைசில அடைப்புக்குள்ள 256 பிட்ஸ்னோ 128 பிட்ஸ்னோ இருக்கும். அது சிபியு ஒரே நேரத்துல எவ்வளவு அகலமா கணக்குப் போடுதுங்கறது. இப்ப இருக்கற பெரும்பாலான இன்டெல் லேப்டாப்ல 256 வரணும், 128 வந்தா உங்க ப்ராசஸர்ல இருக்கற ஏவிஎக்ஸ் வசதி விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போய்ச் சேரலன்னு அர்த்தம். அப்ப சந்தேகப்பட வேண்டியது ஆமைய.

ஆமைன்னா நிஜமாவே ஆமை. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலோட அடில வலது பக்கம் குட்டி குட்டியா ஐகான் வரிசை இருக்கும் பாருங்க, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், மௌஸ்னு. அதுல பச்ச கலர்ல ஒரு ஆமை உக்காந்திருக்கான்னு பாருங்க. இருந்தா விண்டோஸோட சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்வி ப்ராசஸரோட விர்ச்சுவலைசேஷன் வசதிய ஏற்கனவே பிடிச்சு வச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அதுகிட்ட கடன் வாங்கி ஓடுதுன்னு அர்த்தம். எங்க லேப்ல ஒரு தடவ நாப்பது மெஷின், ஒரே மாடல், ஒரே நாள்ல வந்தது, அதே விர்ச்சுவல் மெஷின எல்லாத்துலயும் காப்பி பண்ணி வச்சோம். முப்பத்தெட்டு மெஷின் மாட்டு வண்டி, ரெண்டு மட்டும் பறக்குது. மூணு நாள் கிராஃபிக்ஸ் டிரைவர மாத்தி மாத்திப் போட்டேன். கடைசில ஒரு ஃபைனல் இயர் பொண்ணுதான் "சார் அந்த ரெண்டுல மட்டும் ஆமை இல்ல"ன்னுச்சு. ஏம்மா முன்னாடியே சொல்லலன்னா "அது உபுண்டுவோட சின்னம்னு நினைச்சேன் சார்"னு சொல்லுது. பறந்த ரெண்டு மெஷின்லயும் மெமரி இன்டெக்ரிட்டிங்கற விண்டோஸ் பாதுகாப்பு வசதிய யாரோ முன்னாடியே அணைச்சு வச்சிருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். விர்ச்சுவல்பாக்ஸே அத லாக்ல ஒளிக்காம எழுதியிருக்கு, மெஷின் மேல ரைட் கிளிக் பண்ணி ஷோ லாக் போட்டு "ஸ்னெயில்"னு தேடுங்க, ஸ்னெயில் எக்ஸிக்யூஷன் மோடுன்னு ஒரு வரி வரும். ஐகான்ல ஆமை, லாக்ல நத்தை, எழுதினவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

ஆமை கிராஃபிக்ஸ் பிரச்சன இல்ல, சிபியு பிரச்சன. ஆனா படம் வரையறதே சிபியுன்னு ஆயிட்டா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும். ஆமைய விரட்டணும்னா விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசோலேஷன், அதுல மெமரி இன்டெக்ரிட்டிய ஆஃப் பண்ணணும், அப்புறம் விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்வி, விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் ப்ளாட்ஃபார்ம் மூணையும் எடுக்கணும். அப்பவும் போகலன்னா அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிசிடிஎடிட் வழியா ஹைப்பர்வைசர் லான்ச் டைப்ப ஆஃப் பண்ணி மெஷின முழுசா ரீஸ்டார்ட் பண்ணணும். இதத் தொடறதுக்கு முன்னாடி மூணு விஷயம். பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற வசதி) ஆன்ல இருந்தா ரெகவரி கீய வேற எங்கயாவது எழுதி வச்சுட்டு தொடுங்க, பூட் செட்டிங் மாறுச்சுன்னா அது கீ கேக்கலாம், கீ இல்லாம உக்காந்து அழுதவங்க இருக்காங்க. டபிள்யூஎஸ்எல் 2வும் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) டாக்கர் டெஸ்க்டாப்பும் இதுக்கப்புறம் ஓடாது. மெமரி இன்டெக்ரிட்டி சும்மா அலங்காரத்துக்கு இல்ல, நிஜமான பாதுகாப்பு, அதனால இது கம்பெனியோ காலேஜோ குடுத்த லேப்டாப்னா கை வைக்காதீங்க. ஆமை போனா டெஸ்க்டாப் கண்டிப்பா இலகுவாகும், ஆனா கஸீபோ எத்தன ஃப்ரேம் ஏறும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது, அது உங்க சீன்ல எத்தன கேமரா, லைடார் (லேசர்ல தூரம் அளக்கற சென்சார்) இருக்குங்கறத பொறுத்தது.

இப்ப கிராஃபிக்ஸ் பக்கம் வருவோம். மெஷின பவர் ஆஃப் பண்ணிட்டு (சேவ் ஸ்டேட் இல்ல, முழுசா ஷட்டவுன்) டிஸ்ப்ளே செட்டிங்ல கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏவா இருக்கான்னு பாருங்க. யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு விபாக்ஸ்விஜிஏன்னு மாத்தியிருந்தா 3டி வராது, செட்டிங் ஜன்னல் அடிலயே "இன்வேலிட் செட்டிங்ஸ்"னு காட்டும், யாரும் அத படிக்கறதில்ல. வீடியோ மெமரிய 128 எம்பிக்கு தள்ளுங்க. இது உங்க 4 ஜிபில இருந்து வெட்டிக் குடுக்கற பங்கு இல்ல, அந்த டம்மி கார்டோட திரை மெமரி, அதனால "என்கிட்ட 4 ஜிபி இருக்கே ஏன் 128 மட்டும்"னு மன வருத்தம் வேணாம். கெஸ்ட் அடிஷன்ஸ (விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போடற விர்ச்சுவல்பாக்ஸோட துணைத் தொகுப்பு) விர்ச்சுவல்பாக்ஸ் வெர்ஷனுக்குப் பொருத்தமா போடுங்க. லினக்ஸ்ல அந்த டம்மி கார்டோட டிரைவர் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ்ங்கற பேர்ல கெர்னல்லயே இருக்கு, அடிஷன்ஸ் முக்கியமா திரை அளவு மாத்தறது, கிளிப்போர்டு, ஷேர்டு ஃபோல்டர் இதுக்குத்தான், ஆனாலும் அடிஷன்ஸோட சேத்துத்தான் 3டிய சப்போர்ட் பண்றோம்னு மேனுவல் சொல்றதால போட்டுடறதுதான் முறை. உள்ள விண்டோஸ் ஓட்டறவங்களுக்கு கதை வேற, அங்க கன்ட்ரோலர் விபாக்ஸ்எஸ்விஜிஏ, அடிஷன்ஸ் இல்லாம 3டியே இல்ல, டிவைஸ் மேனேஜர்ல மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு இருந்தா அடிஷன்ஸ் ஏறலன்னு அர்த்தம்.

அடுத்தது ரெண்டு கார்டு லேப்டாப்புக்கே உண்டான வியாதி. விண்டோஸ் கரண்ட் மிச்சம் பண்ண விர்ச்சுவல்பாக்ஸ இன்டெல் கார்டுல தள்ளிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் அந்த ப்ரோக்ராம சேத்து ஹை பெர்ஃபார்மன்ஸ் குடுக்கணும். இதுலயும் ஒரு சறுக்கல் இருக்கு, எல்லாரும் விர்ச்சுவல்பாக்ஸ்.எக்ஸ்ஈய சேக்கறாங்க, அது லிஸ்ட் காட்டற மேனேஜர் ஜன்னல் மட்டும்தான். மெஷின நிஜமா ஓட்டறது அதே ஃபோல்டர்ல இருக்கற விர்ச்சுவல்பாக்ஸ்விஎம்.எக்ஸ்ஈ, அத சேக்கணும். விஎம்வேர்னா விஎம்வேர் ஹைஃபன் விஎம்எக்ஸ்.எக்ஸ்ஈ. சேத்தது வேலை செய்யுதான்னு பாக்க டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப்ல ஜிபியு எஞ்சின்ங்கற நெடுவரிசைய ஆன் பண்ணி வச்சுட்டு உள்ள ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் ஓட்டுங்க, எந்த கார்டுன்னு அங்கயே தெரிஞ்சிடும். ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் காட்டற எஃப்பிஎஸ் நம்பர வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, திரையோட 60க்கு கட்டுப்பட்டு நிக்கும், பல் சக்கரம் சுத்துதான்னு பாக்கத்தான் அது.

இதுக்கப்புறம் ரெண்டரர்ல எஸ்விஜிஏ3டி வந்துட்டு, ஆனா கஸீபோ கறுப்புத் திரை காட்டுது இல்ல மின்னுதுன்னா அது வேற சண்டை. லாகின் திரைல பாஸ்வேர்டு அடிக்கற இடத்துல பல் சக்கரத்த அமுக்கி உபுண்டு ஆன் எக்ஸார்க் எடுத்துப் பாருங்க, வேலண்ட்ல (உபுண்டு திரை காட்டற இன்னொரு முறை) வர்ற பாதி வில்லங்கம் அதோட போகும். புது கஸீபோன்னா ரெண்டர் எஞ்சின் ஆப்ஷன்ல ஓக்ரேன்னு குடுத்து பழைய எஞ்சின்ல ஓட்டலாம். நெட்ல எங்க தேடினாலும் "எஸ்விஜிஏ அண்டர்ஸ்கோர் விஜிபியு10 ஈக்வல்ஸ் 0" போடுங்கன்னு ஒரு மந்திரம் வரும். அது கஸீபோ கிளாசிக், அதாவது பழைய கஸீபோ காலத்து வைத்தியம், விஎம்வேர்ல நிறைய பேருக்கு க்ராஷ நிறுத்தியிருக்கு, ஆனா அது ஓபன்ஜிஎல் வெர்ஷனயே கீழ இறக்கித்தான் அந்த வேலைய செய்யுது. 3.3 கேக்கற ஓக்ரே2வுக்கு அதே மருந்து விஷம். கிளாசிக்குக்கே 2025 ஜனவரியோட ஆதரவு முடிஞ்சது, அதனால நீங்க எந்த கஸீபோ வச்சிருக்கீங்கன்னு தெரியாம அந்த வரிய பாஷ்ஆர்சில (டெர்மினல் திறக்கும்போது ஓடற ஃபைல்) ஒட்டாதீங்க, ஏற்கனவே ஒட்டியிருந்தா எடுத்துட்டு பாருங்க.

இவ்வளவும் சொன்னாலும் என் சொந்தக் கருத்த மறைக்கல. விர்ச்சுவல்பாக்ஸோட 3டி டெஸ்க்டாப் இழுக்காம இருக்கறதுக்கு ஓகே, கஸீபோ மாதிரி கனமானதுக்கு என் கைல அது ஒரு நாளும் நிம்மதியா ஓடினதில்ல. உங்க இடத்துல நான் இருந்தா முதல்ல டபிள்யூஎஸ்எல் 2வ முயற்சி பண்ணுவேன். விண்டோஸ் 11ல அது லினக்ஸ் ஜன்னல நேரா காட்டும், அங்க மெசாவுக்கு டி3டி12னு தனி டிரைவர் இருக்கு, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோல டி3டி12ன்னு போட்டு அடைப்புக்குள்ள உங்க நிஜ கார்டு பேரே வரும். இன்டெல்னு வந்தா மெசா டி3டி12 டிஃபால்ட் அடாப்டர் நேம்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல என்விடியான்னு குடுத்தா மாறிடும். குடாவும் அதுல ஓடும். இதுலயும் லினக்ஸுக்குள்ள என்விடியா டிஸ்ப்ளே டிரைவர் போடக் கூடாது, விண்டோஸ் பக்கம் போட்டதே போதும். இந்த வழிக்குப் போனா ஹைப்பர்வி ஆன்லயே இருக்கணும், அதாவது மேல சொன்ன ஆமை விரட்டற வேலைக்கு நேர் எதிர், அதனால ரெண்டுல ஒண்ணத்தான் பண்ணணும். நிஜ ரோபோவோட யுஎஸ்பில பேசணும்னா மட்டும் டபிள்யூஎஸ்எல்ல கொஞ்சம் சுத்தி வளைக்கணும்.

அதுக்கடுத்து விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, 2024 நவம்பர்ல இருந்து எல்லாருக்கும் இலவசம், 17ல இருந்து உள்ள ஓபன்ஜிஎல் 4.3 வரைக்கும் குடுக்குது, டிக் போடற இடம் அங்க ஆக்சலரேட் 3டி கிராஃபிக்ஸ். என் லேப்ல இப்ப 3டி வேணுங்கற மெஷின் எல்லாத்துலயும் அதுதான். ஹோஸ்டே லினக்ஸா வச்சிருக்கறவங்க இத படிச்சா, விர்ட் மேனேஜர்ல (லினக்ஸ்ல விர்ச்சுவல் மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) க்யூஎக்ஸ்எல்ங்கற டம்மி கார்டுல 3டி கிடையாது, வீடியோவ விர்ட்டியோன்னு மாத்தி 3டி டிக் போட்டு, ஸ்பைஸ்ல லிசன் டைப்ப நன் ஆக்கி ஓபன்ஜிஎல் டிக் போடுங்க, உள்ள விர்ஜில்னு வரணும். ஹோஸ்ட்ல என்விடியாவோட சொந்த டிரைவர் இருந்தா இது மக்கர் பண்ணும், இன்டெல் கார்டுல விட்டுடறது மேல்.

ரிவ்யூவுக்கு ஒரு வாரத்துக்குள்ளன்னா இந்த ஆராய்ச்சியெல்லாம் தள்ளி வைங்க. கஸீபோவ சர்வர் மட்டும் ஓட்டற மோடுல, படம் இல்லாம ஓட்டி, ஆர்விஸ்ல (ஆர்ஓஎஸ் டேட்டாவ படமா காட்டற டூல்) டேட்டாவ மட்டும் காட்டுங்க, மெஷினுக்கு நாலு கோர் 8 ஜிபி ரேம் குடுத்தா அது உங்க லேப்டாப்லயே ஓடும். எல்லா கோரையும் தூக்கிக் குடுக்காதீங்க, விண்டோஸ் மூச்சு முட்டிடுச்சுன்னா உள்ள இருக்கறதும் சேந்து நிக்கும்.

ஏஎம்டி கார்டு வச்ச லேப்டாப்ல நான் இத அதிகம் தொட்டதில்ல, மேக்ல சுத்தமா இல்ல, அதனால மேல சொன்னத அங்க அப்படியே பொருத்திப் பாக்காதீங்க. உங்களுக்கும் இத்தனையும் செஞ்சு சரியாகலன்னா திரும்ப இங்கயே எழுதுங்க, ஆனா "இன்னும் ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் எழுதாதீங்க. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோல ரெண்டரர் வரியும் வெர்ஷன் வரியும், ஆமை இருக்கா இல்லையா, லாக்ல விஎம்எஸ்விஜிஏ3டின்னு ஆரம்பிக்கற வரிகள், கஸீபோ எந்த வெர்ஷன், இது நாலையும் ஒட்டுங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நான் பாப்பேன்.